துவாரபாலனும் இல்லத்தரசியும் ஒத்துப்போன வரலாறு

உலக வரலாற்றைச் சாவிக்கு முன், சாவிக்குப் பின் என்று அறிஞர்கள் இரண்டாகப் பிரிக்கப்போகும் நாள் தூரத்தில் இல்லை. எந்த இடத்தில் கோடு போடுவது என்று அன்றைக்கு அவர்கள் திணறவும் வேண்டாம். திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், முருகானந்தம் வீட்டு வாசற்படியின் மேல் போட்டால் போதும்.

அந்த வீட்டில் சாவி கிடையாது. சாவித்துளை கிடையாது. சாவியைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடும் உரிமைகூட யாருக்கும் கிடையாது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். திறக்க வேண்டிய முகமா என்பதை அறிவியல் முடிவு செய்யும்.

முருகானந்தம் 'அபிநயா போர்வெல்ஸ்' உரிமையாளர். மகள் பிறந்ததும், ஆழ்துளை போடும் ரிக் வண்டிக்கும் அதே பெயரை வைத்தார். அந்த ரிக் துளை போடாத மாநிலங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாதத்தில் இருபது நாள் அவர் ரிக்கோடு வெளி மாநிலத்தில் இருப்பார். எனவே வீட்டுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது. வீட்டில் மனைவி கோகிலவாணியும் கைக்குழந்தை அபிநயாவும் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் இருப்பதை வெறும் கண்ணால் மட்டுமே பார்க்க முடிந்தது, போனில் பார்க்க முடியவில்லை.

முதலில் 'துவாரபாலன்' வந்தது. ஒன்பது கேமரா, அபாயம் என்றால் அலறும் நான்கு சங்கு, கரண்ட் போனாலும் எட்டு மணி நேரம் விசுவாசமாக இருக்கும் பேட்டரி. அடுத்த மாதம் 'இல்லத்தரசி' வந்தது. விளக்கு, விசிறி, ஏசி, திரைச்சீலை, கதவு எல்லாவற்றையும் இனிய குரலில் ஆளும் ஏற்பாடு. அந்த வீட்டில் ஏற்கனவே ஓர் இல்லத்தரசி இருந்தாரே என்று கேட்கலாம். இருந்தார். ஆனால் அவரைச் செயலி வழியாக இயக்க முடியாது.

இரண்டும் உயர்ந்த சாதனங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு சின்ன விஷயம்தான் குறைவாக இருந்தது. ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது.

கோகிலவாணி சந்தைக்குப் போய்த் திரும்பி வருவார். இல்லத்தரசி முகம் பார்த்து, "வாங்க கோகிலவாணி" என்று கதவைத் திறக்கும். தன்னைக் கேட்காமல் கதவு திறந்ததைக் கண்ட துவாரபாலன், கொள்ளை என்று முடிவுகட்டிச் சங்கை ஊதும். சங்குச் சத்தம் கேட்ட இல்லத்தரசி, வீட்டுக்கு ஏதோ ஆபத்து, உள்ளே இருப்பவர்கள் தப்பிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் மற்ற ஆறு கதவுகளையும் திறந்துவிடும். ஒரே நேரத்தில் ஏழு கதவில் கொள்ளையா என்று கொதிக்கும் துவாரபாலன், கொள்ளைக்காரியின் படத்தைச் சத்தீஸ்கரில் இருக்கும் உரிமையாளருக்கு அனுப்பும். இப்படியாக முருகானந்தத்தின் போனில், முருங்கைக்காய்க் கட்டோடு திகைத்து நிற்கும் தன் மனைவியின் படங்கள் நாற்பத்தாறு சேர்ந்தன. கல்யாண ஆல்பத்தில்கூட அத்தனை இல்லை.

எதிர்வீட்டுக் குப்பாயிக்கு மட்டும் இதில் குறையே இல்லை. சங்கு ஊதினால் மணி பதினொன்றரை. அவர் உலையில் அரிசி போட்டுவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த நெய் டின் சம்பவம் நடந்தது.

கோகிலவாணிக்கு ஒரே அண்ணன். வெங்கடாசலம். ராசிபுரத்தில் நெய் மண்டி. புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர், பந்தியில் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த வீட்டு வளாகத்தில் முருகானந்தத்தின் சொந்த ரிக்கே தொள்ளாயிரத்து நாற்பது அடி துளை போட்டு, சொட்டுத் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகை வந்து நின்ற இடம் பந்திக்கு நேர் எதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இந்தியாவுக்கே தண்ணி எடுத்துக் குடுக்கற மாப்ளைக்குச் சொந்த ஊட்ல மட்டும் பொகைதானுங்களா? செரி உடுங்க, கொசுவுக்காவது ஆகும்" என்றார். நூற்றைம்பது இலையும் சிரித்தது. முருகானந்தமும் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் பல் மட்டும்தான் கலந்துகொண்டது.

நாலு மாதம் கழித்து வெங்கடாசலம், தங்கச்சி வீட்டுக்கு ஒரு டின் நெய் எடுத்துக்கொண்டு சொல்லாமல் வந்தார். கோகிலவாணி குழந்தையோடு மலைக்கோவிலுக்குப் போயிருந்தார். வெங்கடாசலம் மணியை அடித்தார். கதவு திறக்கவில்லை. சங்குதான் ஊதியது. தெருவே கூடியது. ராசிபுரத்தில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர், நெய் டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு, திருடன் இல்லை என்று குப்பாயியிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. டின்னோடு திரும்பிப் போனவர் ஒன்றரை வருடமாக அந்தப் பக்கம் வரவில்லை.

கோகிலவாணி அன்று மாலை கணவருக்குப் போன் போட்டு அழுதார்.

"ஏனுங்க, எங்கண்ணனைப் பாத்து சங்கு ஊதியிருக்குதுங்க!"

மறுமுனையில் ரிக்கின் கம்ப்ரசர் சத்தம் பலமாகக் கேட்டது. அதற்கு மேலே குரலை உயர்த்தி முருகானந்தம், "அது கம்பேட்டிபிலிட்டி பிரச்சனை கோகிலா, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல" என்றார்.

எவ்வளவு பெரிய வார்த்தை! அதற்குமேல் கேள்வி கேட்க அதில் இடமே இல்லை. கோகிலவாணி நம்பினார். தன்னையே நாற்பத்தாறு முறை கொள்ளைக்காரி என்ற இயந்திரம், அண்ணனை ஒரு முறை சொன்னதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தக் குறைக்கும் அதுவே காரணம் ஆனது. முருகானந்தம் கல்யாண நாளை மறந்தால் கம்பேட்டிபிலிட்டி. மாமியார் வீட்டுக்குப் போகாவிட்டால் கம்பேட்டிபிலிட்டி. தோசை தீய்ந்தபோது கோகிலவாணியும் அதைச் சொல்லிப் பார்த்தார். தோசைக்கு அது செல்லாது என்று தெரிவிக்கப்பட்டது.

இந்த நிலையில்தான் மூன்று வயதான அபிநயாவுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, ஒன்பதே காலிலிருந்து பத்தரைக்குள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தைக்கு இருப்பது ஒரே தாய்மாமன். எனவே கோகிலவாணி கணவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எங்கண்ணன் வாரப்ப அந்தக் கதவு தொறக்கோணும். சங்கு ஊதக் கூடாது. அவ்ளோதானுங்க."

"ஆளைக் கூட்டியாந்து சரி பண்ணிருவோம்" என்றார் முருகானந்தம். அவர் குரலில் அவசரம் இருந்ததைக் கோகிலவாணி அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

சேலத்திலிருந்து பிரான்சிஸ் வந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'முதுநிலை ஒத்திசைவு ஆலோசகர்' என்று இருந்தது. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. முதல் நான்கு வருகையும் 'நிலைமையை ஆராய்வதில்' கழிந்தன. ஓர் ஆராய்ச்சிக்கு இரண்டு டீ. ஐந்தாவது வருகையில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி உயர்மட்டக் கூட்டம் நடந்தது.

"ரெண்டுமே அருமையான சிஸ்டம் சார். தனித்தனியா பாத்தா தங்கம். ஆனா ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது" என்றார் பிரான்சிஸ்.

"ஏனுங்க தம்பி, ரெண்டுக்கும் சண்டையா?" என்றார் கோகிலவாணி.

"சண்டை போடணும்னாலும் பேசணுமேக்கா. அறிமுகமே ஆகல."

"அறிமுகம் பண்ணி வெக்க எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நிமிஷம்க்கா. சாரோட நம்பருக்கு ஓ.டி.பி. வரும். அதைச் சொன்னா முடிஞ்சது."

இங்கே ரிக் தொழிலின் ஒரு மாண்பைச் சொல்லியாக வேண்டும். முருகானந்தத்தின் எண் சாதாரண எண் அல்ல. கடைசி நான்கும் ஒன்பது. தேடிப் பிடித்து வாங்கியது. ரிக் வண்டியின் நெற்றியிலும் இரண்டு விலாவிலும் முதுகிலும் ஆள் உயரத்துக்கு எழுதப்பட்டது. அவ்வளவு ராசியான எண்ணை வேறு எதற்குக் கொடுப்பது? எல்லாவற்றுக்கும் கொடுத்தார். ஆதாருக்கு அது, வங்கிக்கு அது, சிலிண்டருக்கு அது, துவாரபாலனுக்கும் இல்லத்தரசிக்கும் அதுவே. விவசாயிகள் ரிக்கைப் பார்த்து அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், செயலிகள் அவர் கைப்போனில் இருந்தாலும், அந்தப் போன் மட்டும் ரிக்கோடு இருந்தது. ரிக் சத்தீஸ்கரில் இருந்தது. போன் ரிக் மேனேஜர் கந்தனின் கண்ணாடிக்கூட்டுப் பக்கத்தில், லாரி கேபினில் தொங்கும் மஞ்சள் பையில் இருந்தது.

ஆக, திருச்செங்கோட்டுக் குடும்பத்துக்குச் சிலிண்டர் வர வேண்டுமானால் சத்தீஸ்கரில் கந்தன் கண்ணாடி போட வேண்டும்.

முருகானந்தம் தன் இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டார்.

"கந்தா, ஓ.டி.பி. வந்திருக்குதா?"

"வந்திருக்குதுங்ணா. மூணு, எட்டு, ரெண்டு, ஏழு."

பிரான்சிஸ் அடித்தார். தப்பு என்றது. மறுபடி அனுப்பினார்கள். கந்தன் மறுபடி மூன்று, எட்டு, இரண்டு, ஏழு என்றார். கால் மணி நேர விசாரணைக்குப் பிறகு, அது முந்தாநாள் சிலிண்டருக்கு வந்த எண் என்பது வெளிப்பட்டது.

முருகானந்தம் எழுந்து நின்றுவிட்டார். "இந்தா பாரு கந்தா. இனிமே எந்த மெசேஜ் வந்தாலும் கடைசியா வந்ததை எடுத்து, தலப்புலருந்து அடி வரைக்கும் ஒரு எழுத்து உடாமப் படிக்கோணும். சத்தமாப் படிக்கோணும். புரிஞ்சுதா?"

"செரிங்ணா."

கந்தன் செரி என்றால் செரிதான். பதினாலு வருடமாக ஓனர் காட்டிய இடத்தில் துளை போட்டவர். கீழே பாறையா தண்ணீரா என்று அவர் ஒருநாளும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

எண் சரியாக வந்தது. பிரான்சிஸ் ஏழெட்டுப் பொத்தான்களை அழுத்தினார். கூடத்து விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.

"முடிஞ்சது சார். ரெண்டு சிஸ்டத்தோட 'தெரிந்தவர்' பட்டியலும் இப்ப ஒண்ணு. இனிமே ஒண்ணு ஒருத்தரை வேண்டாம்னு சொன்னா, இன்னொண்ணும் வேண்டாம்னு சொல்லிடும்."

"அதானுங்க குடும்பம்" என்றார் முருகானந்தம் பெருமையாக.

"பழைய பதிவெல்லாம் என்னாகுமுங்க தம்பி?" என்று கோகிலவாணி கேட்டார்.

"எல்லாம் அப்படியே இருக்கும்க்கா. அது ஒண்ணையும் மறக்காது."

இதைக் கேட்டதும் முருகானந்தத்துக்கு, மொட்டை மாடித் தொட்டியில் லாரித் தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று பார்க்கும் அவசரம் வந்துவிட்டது. பிரான்சிஸ் கிளம்பும்வரை அவர் கீழே இறங்கவில்லை.

மூன்று வாரம் சங்கு ஊதவில்லை. சந்தைக்குப் போய் வந்தால் இல்லத்தரசி "வாங்க" என்றது. துவாரபாலன் வாய் திறக்கவில்லை. குப்பாயி மட்டும் வந்து, "என்ன கோகிலா, இப்பெல்லாம் நேரத்துக்குச் சோறாக்க முடியறதில்ல" என்று வருத்தப்பட்டுப் போனார். தைரியம் வந்த கோகிலவாணி, வெற்றிலை பாக்குத் தட்டோடு ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினார்.

வெங்கடாசலம் மண்டியில் நெய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வா அம்மிணி. என்ன, சங்கே ஊதாம உள்ள வந்துட்ட? எங்க கடைல அந்த வசதி இல்ல பாரு."

"அண்ணா, அதெல்லாம் சரி பண்ணியாச்சுங்ணா. சேலத்துலருந்து ஆள் வந்து ரெண்டையும் ஒத்துப்போக வெச்சுட்டாங்க."

"எதையும் எதையும்?"

"துவாரபாலனையும் இல்லத்தரசியையும்."

வெங்கடாசலம் தராசைக் கீழே வைத்தார். "உங்க ஊட்ல ஒத்துப்போக வேண்டிய ஆளுங்க வேற இருக்கறாங்கன்னு நெனச்சேன். செரி. நா வாரேன். எந்தங்கச்சி மக எம்மடிலதான் உக்காரோணும். ஆனா ஒண்ணு. அந்தச் சங்கு மறுக்கா ஒரே ஒரு தடவ ஊதுச்சு, சீர்த் தட்டைப் படில வெச்சுட்டுத் திரும்பிருவேன். அப்பறம் புள்ளைக்குக் காது குத்த அந்த இல்லத்தரசியோட அண்ணனைக் கூப்புட்டுக்கங்க."

கோகிலவாணி போனை எடுத்தார். "இப்படி நேராப் பாருங்ணா. ஒரு போட்டோ."

"எதுக்கு?"

"கதவுக்குங்ணா."

"நா யாருன்னு கதவுக்குச் சொல்லோணுமா?" என்று கேட்டாலும், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டுதான் பார்த்தார்.

விழாவை மண்டபத்தில் வைக்க முருகானந்தம் சம்மதிக்கவில்லை. வீட்டின் அறிவை ஊர் பார்க்க வேண்டும். அழைப்பிதழின் அடியில், 'விருந்தினர்கள் தங்கள் முகப்படத்தை முன்கூட்டியே அனுப்பி ஒத்துழைக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்' என்று போட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேர் அனுப்பினார்கள். குப்பாயி ரேஷன் கார்டுப் படத்தை அனுப்பியிருந்தார். அதில் இருப்பது யார் என்று குப்பாயிக்கே உறுதியாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பெரிய கதவைச் சாத்தி, உள்ளே ஏசி போட்டு, விருந்தினர்களை வெளியே வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகக் கேமராவுக்கு முன் நிற்க, இல்லத்தரசி பெயர் சொல்லி வரவேற்க, கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்து மூடியது. "ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்கற மாதிரியே இருக்குது" என்று ஒரு பெரியவர் பாராட்டினார். பிரான்சிஸ் புதுச் சட்டையில் கூடத்துத் திரைக்குப் பக்கத்தில் நின்று பாராட்டைப் பெற்றுக்கொண்டார். குப்பாயியை மட்டும் மூன்று கோணத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, பிரான்சிஸே கையால் திறந்து விட்டார்.

ஒன்பது நாற்பதுக்கு வெங்கடாசலத்தின் குட்டியானை மினி லாரி வந்து நின்றது. பதினோரு தட்டுச் சீர். பட்டுப்பாவாடை, பழம், தங்கத் தோடு, நடுவில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த ஒரு டின் நெய். மனைவி வித்யா ஒரு தட்டைத் தூக்கிக்கொள்ள, வெங்கடாசலம் நெய் டின்னைத் தானே தோளில் வைத்துக்கொண்டார். கூடத்துத் திரையில் அண்ணன் முகம் தெரிந்ததும் கோகிலவாணி அபிநயாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பாரு சாமி, மாமா."

கேமரா அவரைப் பார்த்தது. ஒரு நொடி யோசித்தது.

நான்கு சங்கும் ஊதின.

இதற்கு முன் அந்த வீடு அப்படி ஓர் ஒற்றுமையைக் கண்டதில்லை. "எச்சரிக்கை. தெரியாதவர்" என்று துவாரபாலன் முழங்கிய அதே நொடியில், "எல்லாக் கதவுகளும் பூட்டப்பட்டன. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்றது இல்லத்தரசி. திரைச்சீலைகள் இறங்கின. விளக்குகள் சிவந்தன. பின்வாசல் தானே பூட்டிக்கொண்டது. பிரான்சிஸ் தன்னை மறந்து, "சார், பாருங்க சார்! ரெண்டும் ஒரே நேரத்துல!" என்று கைதட்டிவிட்டார். முருகானந்தத்தின் முகத்தைப் பார்த்ததும் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சங்குச் சத்தத்தை நிறுத்த முடிந்தது. பூட்டை எடுக்க முடியவில்லை. தடுக்கப்பட்ட ஒருவரை அனுமதிக்க ஓ.டி.பி. தேவை. வாசலில் பேசும் ஸ்பீக்கரைப் பிரான்சிஸ் திறந்துவிட்டார். கோகிலவாணி அதன்மேல் பாய்ந்தார்.

"அண்ணா!"

வெங்கடாசலம் நெய் டின்னைப் படியில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். "சொன்னது ஞாபகம் இருக்குதா கோகிலா?"

"பத்தே நிமிசமுங்ணா. இது கம்பேட்டி..."

"அந்தப் பேச்சே வேண்டாம். போன தடவையும் அதத்தான் சொன்னீங்க. இப்ப சரியாயிருச்சுன்னு நீதான் வந்து கூப்புட்ட. வித்யா, வண்டில ஏறு."

வித்யா தட்டை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "கால் மரத்துப்போச்சுங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாரேன்."

"இத்தன நேரம் நல்லாத்தான இருந்த?"

"மரத்துப்போறதுன்னா சொல்லிட்டா மரத்துப்போகும்?"

அந்தக் கால் எவ்வளவு நேரம் மரத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே முருகானந்தம் கந்தனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். துளைக்கும் இரும்பு ராடு இறங்கிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் துளை இடிந்து ராடு மாட்டிக்கொள்ளும், போன் என்று பாதியில் எவனும் நகரக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவரே. சத்தீஸ்கரில் தண்ணீர் வந்தால்தான் திருச்செங்கோட்டில் கதவு திறக்கும்.

ஒன்பது ஐம்பத்தைந்து. பத்து. பத்து எட்டு. காது குத்த வந்த ஆசாரி, ஊசியைத் துடைத்துத் துடைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகு காலம் வந்துருமுங்க."

"ஒரு தாப்பாளு போட்டிருந்தா இந்நேரம் நாந்தொறந்திருப்பேன்" என்றார் குப்பாயி.

அபிநயா திரைக்குக் கீழே போய் நின்று, "இல்லத்தரசி, எங்க மாமாவ உள்ள உடு" என்றாள்.

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை" என்றது இல்லத்தரசி.

கோகிலவாணி மறுபடி ஸ்பீக்கருக்கு ஓடினார். ஸ்பீக்கரில் அண்ணனின் செருப்பு படியைவிட்டு இறங்கும் சத்தம் கேட்டது. "மரத்தது போதும், எந்திரி" என்பதும் கேட்டது.

அப்போது போன் எடுக்கப்பட்டது. கம்ப்ரசர் இரைச்சல் கூடத்தையே நிறைத்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று முருகானந்தம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அவர் வாழ்க்கையில் செய்த கடைசி வெளிப்படையான காரியம் அது.

"அண்ணா! அறுநூத்தி நாப்பது அடில தண்ணி வந்துருச்சுங்ணா!"

"அதை உடு! ஓ.டி.பி. வந்திருக்கும், படி!"

"இருங்ணா, கண்ணாடி..." என்ற கந்தன், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்கும் குரலில், தலைப்பிலிருந்து ஆரம்பித்தார்.

"‘துவாரபாலன் பாதுகாப்பு அமைப்பு. வணக்கம்.’ வணக்கமுங்க. ‘தடுக்கப்பட்ட நபர் ஒருவரை அனுமதிக்கக் கோரிக்கை வந்துள்ளது. இவரைத் தெரியாதவர் என்று பதிவு செய்தவர், திரு. முருகானந்தம், உரிமையாளர்.’ நீங்கதாங்ணா."

"கந்தா, நம்பரை மட்டும் சொல்லு!"

"வருதுங்ணா. ஒரு எழுத்து உடக் கூடாதுன்னீங்களே. ‘பதிவு செய்த நாள், பிப்ரவரி பன்னெண்டு. நேரம், காலை பதினொன்று நாற்பத்திரண்டு. இந்நபர் மூன்று முறை மணி அடித்தார். இவர் யார் என்று உரிமையாளரிடம் மூன்று முறை கேட்கப்பட்டது. மூன்று முறையும் தெரியாதவர் என்றே பதில் வந்தது. இவரை இப்போது அனுமதிக்க விரும்பினால் எண், ஆறு, பூஜ்யம், ஒண்ணு, ஒம்போது. நன்றி.’ அவ்ளோதாங்ணா. வேற ஏதாவது படிக்கோணுங்களா?"

வேண்டியிருக்கவில்லை. முருகானந்தம் போனை அணைத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகும் பிரான்சிஸுக்கு, வேதாகமத்தில் குருவைத் தெரியாது என்று சீடர் மூன்றாவது முறை சொன்னதும் கூவிய சேவல், சம்பந்தமே இல்லாமல் ஞாபகம் வந்தது. கோகிலவாணி கணவரைப் பார்த்தார். நெய் டின், குப்பாயியிடம் சொன்ன விளக்கம், ஒன்றரை வருடம், நாலு ஆராய்ச்சிக்கு எட்டு டீ, எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக வந்தன.

"அது... அவசரத்துல வெரல் பட்டிருக்கும் கோகிலா" என்றார் முருகானந்தம்.

வாசல் ஸ்பீக்கர் திறந்தே இருந்ததை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"மூணு தடவையுமா மாப்ள?" என்றது அது.

பிரான்சிஸ் எண்ணை அடித்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். திரையில் வெங்கடாசலத்தின் முகமும், 'இவர் யார்?' என்ற கேள்வியும், அதன் கீழே நான்கு கட்டங்களும் வந்தன. குடும்பம். நண்பர். பணியாளர். தெரியாதவர். உரிமையாளரின் விரல் ரேகைதான் செல்லும். நூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

"நிதானமா யோசிச்சு அழுத்துங்க மாப்ள" என்றது ஸ்பீக்கர். "நா இங்கதான் நிக்கறேன்."

முருகானந்தம் 'குடும்பம்' என்பதை அழுத்தினார். அழுத்திவிட்டு, சரியாகப் பட்டதா என்று இன்னொரு முறையும் அழுத்தினார்.

"வாங்க வெங்கடாசலம்" என்றது இல்லத்தரசி. கதவு திறந்தது.

வெங்கடாசலம் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றார். "ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. நெசமாவே என்னைத் தெரியலீங்களா?"

முருகானந்தம் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தெரிஞ்சுதுங்க மச்சான். தெரிஞ்சதுனாலதான் அழுத்துனேன். அந்தப் பந்தில அப்படிச் சொல்லிப்போட்டீங்க..."

வெங்கடாசலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு படியில் வைத்த நெய் டின்னை எடுத்து மறுபடி தோளில் வைத்துக்கொண்டார். "தொள்ளாயிரத்தி நாப்பது அடில தண்ணி வராட்டியும், இங்க உண்மை வந்துருச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். பின்னாலேயே வந்த வித்யாவின் கால் முழுக் குணமாகியிருந்தது.

பத்து இருபத்தாறுக்கு அபிநயா மாமன் மடியில் உட்கார்ந்து, இரண்டு காதும் குத்திக்கொண்டு, சங்கே தேவைப்படாத அளவுக்கு அழுதாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிரான்சிஸ் தன் பணிநிறைவு அறிக்கையைக் கோகிலவாணியிடம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். அதில் நான்கே வரிகள் இருந்தன.

‘துவாரபாலன்: நல்ல நிலையில் உள்ளது. இல்லத்தரசி: நல்ல நிலையில் உள்ளது. ஒத்திசைவு: நூறு சதவீதம். பழுது காணப்பட்ட இடம்: உரிமையாளரின் வலது கை ஆள்காட்டி விரல், மாற்று உதிரிபாகம் கைவசம் இல்லை.’

கோகிலவாணி நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்ட பேனாவைத் திருப்பித் தருவதற்கு முன், இனிமேல் கேள்வியும் ஓ.டி.பி.யும் தன்னுடைய போனுக்கு வரும்படி மாற்றச் சொன்னார். விரல் ரேகையையும். முருகானந்தம் அதை எதிர்க்கவில்லை. அன்றைக்கு அவர் எதையும் எதிர்க்கும் நிலையில் இல்லை.

அடுத்த வாரம் அவர் சத்தீஸ்கருக்குப் போனார். இருபத்தைந்து நாள் கழித்து, ஒரு முழம் தாடியும் முகமெல்லாம் ரிக் புழுதியுமாகத் திரும்பி வந்து, காலை பதினொன்றரைக்குத் தன் வீட்டுக் கேமராவின் முன் நின்றார். கேமரா அவரைப் பார்த்தது. ஒரு நொடி யோசித்தது.

எதிர்வீட்டில் குப்பாயி உலையில் அரிசி போட்டார்.

"கோகிலா! நாந்தான்! கதவைத் தொற!" என்று முருகானந்தம் சங்குக்கு மேல் கத்தினார்.

கோகிலவாணி கூடத்தில் உட்கார்ந்து, போனை எட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பீக்கரில் அவர் குரல் இல்லத்தரசியைவிட இனிமையாக வந்தது.

"இருங்க, ‘இவர் யார்’னு கேக்குது. நாலு பதில் குடுத்திருக்குதுங்க. தலப்புலருந்து ஒவ்வொண்ணாப் படிச்சுட்டு அழுத்தறேன். போன தடவ யாரோ அவசரத்துல தப்பா அழுத்திட்டாங்களாம்."